கப்டன் தண்ணி குடிச்சது

புது வருஷம் பிறந்த கிழமை கடற்கரையில் நான் செய்த காரியத்தை நீங்கள் ஒருவரும் மறந்திருக்கமாட்டீர்கள். பின்னேர நடைக்கு வரும் நம் கூட்டத்தில் ஒருவர், கிறிஸ்மஸுக்குப் போட்டு மிச்சமிருந்த நத்தார் கேக்கில் ஒரு துண்டைக் கிள்ளி என் மகளின் நாய்க்கு நீட்டினார். நான் பாய்ந்து பறித்து அதைக் கடலுக்குள் எறிந்தேன். பறித்த வேகத்தில் என் நகம் பட்டு அவருடைய கை கீறியும்விட்டது. மனிசிக்கு வயது போய்விட்டது, மூளை குழம்பிவிட்டது என்று பின்னால் யாரோ முணுமுணுத்தீர்கள். தபால் கந்தோர் வேலையில் சன்னலுக்குப் பின்னால் இருந்து ஊர்க்கதை முழுவதையும் கேட்ட காது இது. அதற்கு எல்லாம் கேட்கும்.

கீறியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டேன். பறித்ததற்குக் கேட்கமாட்டேன். நீங்கள் நாய்களுக்குப் பப்பாசியும் வத்தகைப்பழமும் கொண்டுவந்து கொடுக்கும்போது நான் ஒருநாளும் தடுத்ததில்லையே. விதை எடுத்திருக்கிறீர்களா என்று எட்டிப் பார்ப்பேன், அவ்வளவுதான். அந்தப் பார்வை அப்பாவிடம் இருந்து வந்தது. கேக்கைப் பறித்த பயமும் அவரிடம் இருந்துதான் வந்தது, ஆனால் அது அவர் அறியாமல் வந்தது.

நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது நாங்கள் உள்துறைமுகத்துக்குப் பக்கத்தில் குவாட்டர்ஸில் இருந்தோம். நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் லோஞ்சுப் படகில் அப்பாவுக்கு வேலை. அவருடைய காற்சட்டையில் எப்போதும் டீசல் மணக்கும். ஒருநாள் அந்த லோஞ்சில் ஒரு நாய்க்குட்டி வந்திறங்கியது. எந்தக் கப்பலில் இருந்து வந்தது, யார் விட்டது என்று தெரியாது. மண்ணிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். அப்பா அதற்குக் கப்டன் என்று பெயர் வைத்தார். வேலையிடத்தில் கப்டன்மாருக்கு நான் சலூட் அடிக்கிறேன், வீட்டில் ஒரு கப்டன் எனக்கு வாலாட்டட்டும் என்று சொல்லிச் சிரிப்பார்.

கப்டனுக்கு முதல் எங்களிடம் இருந்த நாய் மாங்கொட்டையை விழுங்கித் தொண்டையில் அடைத்துச் செத்தது. அதை நான் பார்க்கவில்லை. அப்பா பார்த்தார். அன்றிலிருந்து அவர் ஒரு சட்டம் போட்டார்: கொட்டை, தோல், காம்பு, இந்த மூன்றும் இல்லாத பழம் மட்டும்தான் நாய்க்கு. அதுவும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தேத்தண்ணி குடித்தபிறகு, பெருவிரல் நகத்தளவில் ஒரு துண்டு. வில்லுக்கத்தியை விரித்து வைத்துக்கொண்டு, பப்பாசி என்றால் ஒரு விதை விடாமல் வழித்தெடுப்பார். அன்னாசி என்றால் நடுத்தண்டைச் சீவி எறிவார். எங்கள் ஊருக்குள் மாடுபோலத் திரியும் மான்கள் வேலிக்கு வெளியே பழத்தோலுக்காகக் காத்து நிற்கும். கப்டன் முன்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டு இருக்கும். இன்னொரு துண்டு கொடுங்கள் அப்பா என்று நான் கெஞ்சினால், சோறுதான் சாப்பாடு பிள்ளை, பழம் அதற்கு ஒரு சந்தோஷம், சந்தோஷத்தில் வயிறு நிரப்பக்கூடாது என்பார்.

அந்த வருஷம் மாரி விட்டபாடில்லை. உடுப்புக் காயாது, சுவரெல்லாம் பூஞ்சணம். அந்த மழைக்குள்தான் மாமா கப்பல்துறை என்ற ஊரில் இருந்து வந்து அந்தக் கதையைச் சொன்னார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அங்கே தோட்டம் செய்துகொண்டிருந்தார். அவருடைய பக்கத்துத் தோட்டத்துக்கு ஒரு விசர் நாய் வந்து மாட்டைக் கடித்ததாம், கூலிக்கு வந்த ஒருவரையும் கடித்ததாம். அந்த மனிதர் மருந்து கட்டிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார். பிறகு ஒருநாள் தண்ணீர்ச் செம்பைக் கண்டு அலறினாராம். கட்டிலில் கட்டிவைத்தார்களாம். நாயைப்போல் குரைத்தபடியே செத்தாராம்.

மாமா இதைச் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து சொன்னார். நான் கதவு மறைவில் நின்று கேட்டேன். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. விசர் நாய் தண்ணீருக்குப் பயப்படும், அதுதான் அடையாளம் என்று மாமா சொன்னது எனக்குள் ஆணி அடித்தமாதிரி இறங்கிவிட்டது.

நத்தார் நெருங்கியது. சாமான் தட்டுப்பாடான காலம். கேக்குக்கு என்ன செய்வது என்று அம்மா கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, அப்பா ஒரு கப்பற் சமையல்காரரிடம் இருந்து ஒரு பை பிளம்ஸ் கொண்டுவந்தார். கறுத்தக் கறுத்தப் பெரிய பிளம்ஸ், விரலில் ஒட்டும். அந்த மணம் குசினி முழுக்க நிறைந்தது. நாங்கள் மேசையைச் சுற்றி இருந்து அதை வெட்டினோம். அம்மா வெட்டினாள், நான் தின்றேன் என்பதுதான் சரி. கப்டன் மேசைக்குக் கீழே இருந்து முனகியது.

அப்பா ஒரு பிளம்ஸை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நகத்தால் கீறிப் பார்த்தார். கொட்டையும் இல்லை, உரிக்கத் தோலும் இல்லை, காம்பும் இல்லை, இதைவிட நல்ல பழம் நாய்க்கு எங்கே கிடைக்கும் என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு ஒரு கைப்பிடி அள்ளிக் கீழே நீட்டினார். ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, நகத்தளவும் இல்லை. நத்தார் எல்லாருக்கும்தானே என்றார். கப்டன் அவருடைய உள்ளங்கையை நக்கித் துடைத்தது.

அடுத்த நாள் விடிய வாசற்படி முழுக்க வாந்தி, கப்டன் சத்தி எடுத்திருந்தது. புல்லுத் தின்றிருக்கும் என்று அம்மா தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். மத்தியானமும் எடுத்தது. மறுநாள் நடக்கும்போது பின்கால் பின்னியது. வாயில் இருந்து எச்சில் நூலாக வடிந்தது. கூப்பிட்டால் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது. ஆனால் ஒன்று, அது தண்ணீர் குடித்தது. கூரைப் பீலியில் இருந்து மழைத்தண்ணீர் விழும் இடத்தில் ஒரு பழைய வாளி இருந்தது. கப்டன் தள்ளாடித் தள்ளாடிப் போய் அதற்குள் தலையை விட்டுக் குடிக்கும், கொஞ்சம் படுக்கும், திரும்ப எழும்பிப் போய்க் குடிக்கும். நான் குசினிச் சன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். மழையில் நனைந்துகொண்டே இருந்தது. எனக்கு அழுகையாக வந்தது.

அப்பா வேலைக்குப் போயிருந்தார். நான் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு போய், கப்டனைத் தாழ்வாரத்துக்கு இழுக்கலாம் என்று வயிற்றுக்குக் கீழே கை கொடுத்தேன். கப்டன் வீரிட்டுத் திரும்பியது. பல் என் மணிக்கட்டில் பட்டது. கடி என்று சொல்ல முடியாது, ஒரு கீறல், அதில் இரண்டு துளி இரத்தம். உடனேயே அது என் கையை நக்கப் பார்த்தது. அம்மா கண்டுவிட்டாள். அவளுடைய முகத்தில் இரத்தமே இல்லை. என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சிவப்புச் சவுக்காரத்தால் தோல் உரியும்வரை தேய்த்தாள். தேய்க்கும்போது அவளுடைய வாய் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. மாமாவின் கதை எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில்தான் ஞாபகம் வந்தது.

அன்று நத்தாருக்கு முதல்நாள், பின்னேரம் மாமா வந்தார். சைக்கிளில் இரண்டு சேவல், ஒரு பப்பாசி, தோளில் துவக்கு. வழியில் காட்டுப்பன்றி கிடைத்தால் சுடலாம் என்று கொண்டுவந்ததாம். அப்பாவும் அப்போதுதான் வேலையால் வந்து சேர்ந்தார். மிருக வைத்தியர் நத்தாருக்கு ஊருக்குப் போய்விட்டார் என்று பட்டினத்தில் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். மாமா தாழ்வாரத்தில் நின்று கப்டனைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

"உது விசர்தான் அக்கா," என்றார் அம்மாவிடம். "இனிப் பாக்கிறதுக்கு ஒண்டுமில்லை."

அப்பா உடனே விடவில்லை. கடித்த நாயைக் கட்டிவைத்துப் பத்து நாள் பார்க்கச் சொல்லித்தானே டொக்டர்மார் சொல்கிறவர்கள், நாங்களும் கட்டிவைத்துப் பார்ப்போம் என்றார். மாமா பொறுமையாகத்தான் கதைத்தார். அவர் கெட்டவர் இல்லை, அதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். பக்கத்துத் தோட்டத்து மனிதர் செத்ததைக் கண்ணால் கண்டவர். "பத்து நாளைக்கு இதுக்கு ஆர் சோறு வைக்கிறது அத்தான்? அறுத்துக்கொண்டு வந்து அக்காவைக் கடிச்சால் என்ன செய்வீங்கள்?" என்று கேட்டார்.

எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது. "மாமா, அது தண்ணி குடிச்சது," என்றேன். "நான் கண்டனான்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர்களின் கதைக்குள் வாயை வைக்காதே என்று அம்மா அதட்டினாள். ஆனால் அப்பாவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. குடித்ததா, உண்மையாகவா என்று குனிந்து கேட்டார். ஓம் என்று தலையை ஆட்டினேன். குழந்தைப் பிள்ளை நாய் மேலுள்ள பாசத்தில் சொல்லும், வாயை நனைத்திருக்கும் என்றார் மாமா. அப்படியென்றால் இப்போதே பார்ப்போம் என்று அப்பா குசினிக்குள் போய், கப்டனின் நீல இனாமல் கோப்பையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தார். குடித்தால் கட்டிவைப்பது, குடிக்காவிட்டால் மாமா சொன்னபடி. யாரும் அதை வாயால் சொல்லவில்லை, ஆனால் எனக்கே விளங்கியது. எனக்கும் அதுதான் தீர்ப்பு என்பதும் விளங்கியது. அது விசர் என்றால் எனக்கும் விசர்.

அப்பா கோப்பையைக் கப்டனுக்கு முன்னால் வைத்தார். "குடி ராசா," என்றார். அவர் என்னைக்கூட ராசா என்று கூப்பிட்டதில்லை.

கப்டன் மெல்ல எழும்பியது. கோப்பைக்குள் மூக்கை விட்டது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். ஒருதரம் நாக்கை நீட்டியது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அடுத்த கணம் அதன் வயிறு குமட்டி உள்ளே இழுத்தது. தலையை உதறிக்கொண்டு பின்னால் பாய்ந்தது. கால் தட்டிக் கோப்பை கவிழ்ந்தது. வாயில் நுரை.

"கண்டியளோ அத்தான்?" என்றார் மாமா, மெதுவாக.

அப்பா கவிழ்ந்த கோப்பையை எடுத்தார். சட்டையின் நுனியால் துடைத்தார். பிறகு எங்களை உள்ளே போகச் சொன்னார். அம்மா என்னை அறைக்குள் கொண்டுபோய், போர்வையால் என் தலையை மூடி, அதற்கு மேலால் என் காதுகளை இரண்டு கையாலும் பொத்தினாள். வெடிச்சத்தம் அவளுடைய கைக்கு உள்ளாலும் கேட்டது. வேலியடியில் நின்ற மான்கள் தறிகெட்டு ஓடிய சத்தமும் கேட்டது. அன்றிரவு பூசைக்கு நாங்கள் போகவில்லை. கேக் வெட்டினோமா, யார் சாப்பிட்டார்கள் என்பது எனக்கு ஞாபகமே இல்லை.

நத்தாரன்று காலை அப்பா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாயின் தலையைக் கொண்டுவந்தீர்களா என்று டொக்டர் கேட்டார். ஐசில் வைத்துக் கொழும்புக்கு அனுப்பினால் விசரா இல்லையா என்று பார்த்துச் சொல்வார்களாம், இல்லை என்றால் ஊசியை நிறுத்திவிடலாமாம். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "கடலிலை விட்டிட்டம் டொக்டர்," என்றார். நான் அவருடைய கையைப் பார்த்தேன். நகத்துக்குள் எல்லாம் எங்கள் வீட்டுப் பின்வளவின் செம்மண் இருந்தது. அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கப்டனின் தலையை வெட்ட அவருக்கு மனம் வரவில்லை. அந்தத் தலை போயிருந்தால் எங்களுக்கு எல்லாமே அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பிறகு ஊசி. தொப்புளைச் சுற்றி, நாள் தவறாமல். உங்களில் யாராவது அந்தக் காலத்து ஊசியை வாங்கியிருந்தால் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லி விளங்காது. வயிறு வீங்கிப் பாவாடை கட்ட ஏலாது. ஆனால் ஊசி எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஊசி போட்டாலும் சிலருக்கு வரும் என்று ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மனிசி அம்மாவிடம் சொன்னாள். ஒரு வருஷம் கழித்தும் வருமாம். அந்த ஒரு சொல்லோடுதான் நான் அந்த மாரியையும் அடுத்த வெயிலையும் கழித்தேன்.

பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்தவள் வேறு வாங்குக்கு மாறினாள். இருமல் வந்தால் வாயைப் பொத்திக்கொள்வேன், அது குரைப்பாக வந்துவிடுமோ என்று. காற்றடித்தாலும் பயம், நிழலைக் கண்டாலும் பயம். எல்லாவற்றிலும் பெரிய பயம் தண்ணீர். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, பயமாக இருக்கிறதா இல்லையா என்று என்னையே கேட்பேன். கேட்கக் கேட்கப் பயம் வந்துவிடும். பயந்துவிட்டேனே, அப்படியென்றால் வந்துவிட்டதா என்று வீட்டுக்குள் ஓடுவேன்.

ஒவ்வொரு நாளும் விடிய அப்பா என் கட்டிலடிக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவருவார். வேலைக்குப் போகும் உடுப்போடு வந்து, பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருப்பார். குடி என்று சொல்லமாட்டார். அவர் அந்தச் சொல்லைச் சொல்லி ஒருதரம் பட்டது போதும். சும்மா நீட்டுவார். நான் கடைசித் துளிவரை குடிப்பேன். அவருடைய கண் என் தொண்டையிலேயே நிற்கும். ஒருநாள் புரையேறிவிட்டது. தம்ளர் கையில் இருந்து நழுவியது. அப்பா கதிரையில் இருந்து எழும்பப் பார்த்து எழும்ப ஏலாமல் அப்படியே இருந்துவிட்டார். நான் அவசரமாகக் குடத்தடிக்கு ஓடி, இன்னொரு தம்ளர் அள்ளி, அவருக்கு முன்னால் நின்று குடித்துக் காட்டினேன். அவர் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டார்.

எனக்கு ஒன்றும் வரவில்லை என்பதற்கு நான்தான் சாட்சி. ஆனால் அப்பா பிறகு நாய் வளர்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வில்லுக்கத்தியை விரிக்கவும் இல்லை. வளவுப் பப்பாசியில் பழம் விழுந்து மான்கள் தின்றுவிட்டுப் போகும். தான் ஆசையாக வளர்த்த நாய் தன் பிள்ளைக்கே எமனாக வரப்பார்த்தது என்ற எண்ணத்தோடுதான் அவர் கண்ணை மூடினார். நானும் நேற்றுவரைக்கும் அப்படித்தான் நம்பினேன்.

நேற்று என்றால் போன மார்கழி. மகள் கேக்குக்குப் பிளம்ஸ் வெட்டி வைத்திருந்தாள். நாய் கோப்பையைத் தட்டிவிட்டு அதில் கொஞ்சம் தின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் நிலத்தில் சத்தி எடுத்தது. மகள் மிருக வைத்தியருக்கு ஃபோன் போட்டாள். வைத்தியர் ஒரு பெண், குரல் நிதானமாக இருந்தது. திராட்சை, அதுதான் முந்திரிகைப்பழம், ஏதும் தின்றதா என்று கேட்டாள். இல்லை, இந்த மாதம் முந்திரிகைப்பழம் வீட்டில் வாங்கவே இல்லை என்று மகள் சொன்னாள். பொய் இல்லை, உண்மையைத்தான் சொன்னாள். ஃபோனை வைக்கப் போகிறவளிடம், பிளம்ஸ் தின்றதையும் சொல்லு, ஆனால் அது பழம்தானே, ஒன்றும் செய்யாது என்று நான்தான் பின்னால் நின்று சொன்னேன்.

"பிளம்ஸ் எண்டால் என்ன அம்மா? காய்ஞ்ச முந்திரிகைதானே," என்றது ஃபோனில் அந்தக் குரல். "உடனை கொண்டு வாங்கோ."

பாருங்கள், இத்தனை வயதுக்கு நான் எத்தனை கேக் போட்டிருப்பேன். பிளம்ஸ் என்றால் பிளம்ஸ், முந்திரிகை என்றால் முந்திரிகை. கடையிலும் அப்படித்தான் கேட்டு வாங்குவோம். ஒன்று மற்றதன் வத்தல் என்று ஒருநாளாவது நினைத்திருப்போமா? உங்களில் எத்தனை பேர் நினைத்தீர்கள், கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

நாய்க்கு மருந்து கொடுத்துத் தின்றதெல்லாவற்றையும் வெளியே எடுத்தார்கள். சேலைன் ஏற்றினார்கள். நான் அங்கே ஒரு வாங்கில் இருந்தபடி அந்த வைத்தியரைக் கேட்டேன், கொண்டுவராமல் விட்டிருந்தால் என்ன நடக்கும் என்று. ஒரு நாய் கைப்பிடி தின்றும் தப்பும், இன்னொன்று நாலைந்திலேயே போகும், எது எப்படி என்று முன்கூட்டிச் சொல்ல ஏலாது, அதனால் ஒன்றுகூடக் கொடுக்கக்கூடாது, கேக்கும் கூடாது என்றாள். முதலில் சத்தி, பிறகு வயிற்று நோ, தொட்டால் கடிக்கவும் வரும், தள்ளாட்டம், கடைசியில் சிறுநீரகம் நின்றுவிடும்.

"தண்ணி குடிக்குமோ?" என்று கேட்டேன்.

"ஓம் அம்மா. விடாமல் குடிக்கும். பிறகு குடிக்கப் போனாலே குமட்டி ஓங்காளிக்கும்," என்றாள்.

நான் அங்கேயே அழுதுவிட்டேன். அவள் பயந்துபோய், நாய் தப்பிவிடும் அம்மா என்று என் கையைப் பிடித்தாள். என் கதையைச் சொன்னேன். அந்த நாளில் இது மிருக வைத்தியர்மாருக்கே தெரியாது, உங்கள் அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். அவளுக்குப் புண்ணியம் கிடைக்கட்டும். கொட்டை, தோல், காம்பு என்று கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்த மனிதர். தண்ணீர்த் தம்ளரோடு ஒவ்வொரு விடியலிலும் செத்துப் பிழைத்த மனிதர். இதை அறிந்திருந்தால் என்னைப் பற்றிய பயம் அவருக்கு அன்றைக்கே போயிருக்கும். ஆனால் தன்னுடைய கையாலேயே கொடுத்தது என்பது வந்திருக்கும். எது அவருக்குத் தாங்கியிருக்கும் என்று எனக்கு இன்னும் முடிவு சொல்லத் தெரியவில்லை.

நத்தாருக்கு முதல்நாள் நாயை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மகள் தாழ்வாரத்தில் ஒரு கோப்பையில் தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. நாய் எழும்பி வந்து கோப்பையை மணந்தது. எனக்கு அந்த வயதிலும் மூச்சு அடைத்தது, இந்த வயதிலும் அடைத்தது. பிறகு அது தலையைக் குனிந்து, சளக் சளக் என்று அடி தெரியும்வரை குடித்தது.

"தண்ணி குடிச்சது. நான் கண்டனான்," என்றேன்.

மகள் குசினியில் இருந்து எட்டிப் பார்த்தாள். "ஆருக்கம்மா சொல்லுறீங்கள்?"

"உன்ரை அம்மப்பாவுக்கு," என்றேன்.